கப்பலைத் தேடும் முன் புயலைத் தேடுங்கள்

பழைய கப்பல் ஒன்று எங்கே, எப்படி மூழ்கியது என்று தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். பெயரைத் தேடுபொறியில் போட்டு, கிடைக்கிற நாலைந்து வரிகளைச் சேர்த்துவிட்டு, அதற்குமேல் நகர முடியாமல் நின்றுவிடுகிறார்கள். தீப்பிடித்த கப்பல், சண்டையில் போன கப்பல் என்றால் பெயரில் தொடங்குவது சரி. புயலில் போன கப்பலுக்கு அது போதாது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் மூழ்கியிருந்தால் அதன் லாக் புத்தகமும், அதாவது பயணத்தின்போது காற்று, பாதை, நிகழ்வுகளை எழுதி வைக்கும் குறிப்பேடும், கூடவே மூழ்கியிருக்கும். கடைசி ஆறேழு மணி நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல அந்தக் கப்பலில் யாரும் மிச்சமில்லை.

ஆனால் புயல் ஒரு கப்பலோடு நிற்பதில்லை. அதே இரவில் பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பல் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிப் பிழைத்திருக்கும். கரையில் ஒருவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்திருப்பார். சில மைல் தள்ளி ஒரு படை கூடாரம் போட்டிருந்திருக்கும். கூடாரம் பறந்ததை யாராவது எழுதி வைத்திருப்பார்கள். இவர்கள் எல்லோர் மேலும் அடித்தது ஒரே காற்று. அந்தக் காற்றைக் கண்டுபிடித்துவிட்டால், சாட்சி இல்லாமல் போன கப்பலைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். இந்த ஆராய்ச்சியின் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

இதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் 1746 முதல் 1761 வரை, பதினைந்து ஆண்டுக்குள், மூன்று புயல்கள் இரண்டு வல்லரசுகளின் கடற்படைகளை உருக்குலைத்தன. அந்த மூன்றையும் வைத்தே பார்ப்போம்.

மூன்று இரவுகள்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். நகரத்தைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேக்கும் தகராறு. நாள்கள் ஓடின. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் நெருங்கியது. அக்டோபர் நடுவில் கிளம்பிவிட வேண்டும் என்று லா பூர்தொனே கணக்குப் போட்டிருந்தார். 13ஆம் தேதி இரவே புயல் வந்துவிட்டது. ‘டுக் டோர்லேயான்’, ‘ஃபேனிக்ஸ்’ இரண்டும் மூழ்கின. அவருடைய தலைமைக் கப்பல் ‘அஷீல்’ பாய்மரங்களை இழந்து ஒருவழியாகப் பிழைத்தது. இறந்தவர்கள் சுமார் 1,200 பேர் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன.

1749 ஏப்ரலில் முறை ஆங்கிலேயருக்கு. கடற்படைத் தளபதி போஸ்கவென் கடலூர் தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில், கரையில் இருந்தார். வெளியே நின்ற அவருடைய தலைமைக் கப்பல் ‘நாமூர்’ உடைந்து 520 பேர் இறந்தார்கள். ‘பெம்புரோக்’ என்ற போர்க்கப்பல் பரங்கிப்பேட்டைப் பக்கம் அழிந்தது.

1761 புத்தாண்டு பிறந்த இரவு மூன்றாவது. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள்: நிலத்தில் தளபதி அயர் கூட், கடலில் கடற்படைத் தளபதி ஸ்டீவன்ஸ். ‘டுக் டாக்கித்தேன்’, ‘சண்டர்லண்ட்’ என்ற இரு பெரிய போர்க்கப்பல்களும் ஒரு சரக்குக் கப்பலும் மூழ்கின. ‘நியூகாசில்’, ‘குவீன்பரோ’, ‘புரொடெக்டர்’ மூன்றும் அரியாங்குப்பம் பக்கம் கரையில் தூக்கி எறியப்பட்டன. அந்த மூன்றிலும் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். கப்பல்கள் இத்தனை போயும் முற்றுகை விலகவில்லை. சில நாளிலேயே ஸ்டீவன்ஸ் மிச்சக் கப்பல்களோடு திரும்பி வந்தார். ஜனவரி நடுவில் புதுச்சேரி சரணடைந்தது.

இத்தனை கப்பல்கள் ஏன் இப்படி மாட்டின? இந்தக் கரையில் அப்போது துறைமுகமே இல்லை. சென்னையானாலும் புதுச்சேரியானாலும் கடலூரானாலும், கப்பல் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் அலையைத் தாண்டிப் போய் வரவேண்டும். காற்று அடித்தால் ஒதுங்க ஒரு வளைவோ தீவோ கிடையாது. மாலுமிக்கு இருந்த வழி இரண்டுதான்: வடத்தை நம்பி நிற்பது, அல்லது அதை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவது. புயலைக் கப்பல் ஆழ்கடலில் சமாளிக்கலாம். கரையோரத்தில் சமாளிக்க முடியாது. எப்போது வெட்டுவது என்ற அந்த ஒரு முடிவில்தான் நூற்றுக்கணக்கான உயிர்கள் தொங்கின. நாம் பார்க்கப்போகிற ஆவணங்களில் பாதி அந்த முடிவைச் சுற்றியே எழுதப்பட்டவை.

காற்று சொல்லும் சாட்சி

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதிதாக வருகிறவர்கள் இதையே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் ஒரு எளிய கணக்கு உண்டு. காற்று வரும் திசையைப் பார்த்து முகம் காட்டி நின்றால், புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். வாடைக்காற்று, அதாவது வடக்கிலிருந்து வருவது, பலமாக அடிக்கிறதென்றால் மையம் கிழக்கே கடலில் இருக்கிறது. காற்று தெற்கத்திக் காற்றாக மாறிவிட்டதென்றால் மையம் உங்களைத் தாண்டி மேற்கே போய்விட்டது.

இதை நம் கிழக்குக் கரைக்குப் பொருத்திப் பாருங்கள். புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். தெற்கே இருப்பவர்களுக்குக் கரையிலிருந்து கடலை நோக்கி. ஆகவே மையத்துக்கு வடக்கே நின்ற கப்பல் கரையில் மோதும்; தெற்கே நின்ற கப்பல் கடலுக்குள் தள்ளப்படும், அங்கே பிழைக்கவும் கூடும். ஒரே இரவில் முப்பது மைல் இடைவெளியில் நின்ற இரண்டு கப்பல்களின் விதி வேறு வேறாக இருந்தால், மாலுமியின் திறமையைப் பேசும் முன் இதைத்தான் கேட்க வேண்டும்: எது மையத்துக்கு எந்தப் பக்கம் நின்றது?

1761ஐ எடுத்துக்கொள்வோம். ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் அந்தப் போரை நேரில் அறிந்தவர்களிடம் கேட்டும் ஆவணங்களைப் பார்த்தும் எழுதியவர். அவர் தரும் விவரத்தின்படி டிசம்பர் 31 இரவு காற்று வடமேற்கிலிருந்து ஏறியது. பிறகு திடீரென்று அடங்கி, மூட்டமாக ஒரு அமைதி. சிறிது நேரத்தில் தென்கிழக்கிலிருந்து அதே வெறியோடு திரும்ப அடித்தது. நேர் எதிர்த்திசை! நடுவில் அமைதி! இந்த இரண்டு வரி போதும், புயலின் கண் ஏறக்குறைய அந்தக் கப்பல்களின் தலைக்கு மேலேயே கடந்தது என்று சொல்ல. வலக்கைக் கணக்கைப் போட்டால் இன்னொன்றும் தெரியும். வடமேற்குக் காற்றின்போது மையம் வடகிழக்கே, தென்கிழக்குக் காற்றின்போது தென்மேற்கே. ஆக, புயல் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் புதுச்சேரியைக் கடந்திருக்கிறது. செயற்கைக்கோளும் இல்லை, காற்றழுத்தமானியும் இல்லை. இரண்டு திசைகளும் ஒரு அமைதியும் மட்டும்.

இதோடு கப்பல்களின் கதையைச் சேர்த்துப் பாருங்கள். முதல் பாதியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. அப்போதே வடத்தை வெட்டிய கப்பலுக்கு அந்தக் காற்று உதவி செய்தது. கரையிலிருந்து தூரமாகத் தள்ளிவிட்டது. தலைமைக் கப்பல் ‘நார்ஃபோக்’ அப்படித்தான் வெளியேறியது. மற்றவர்களும் வெட்டிக்கொண்டு வரட்டும் என்று அது சுட்ட சைகைப் பீரங்கி அந்த இரைச்சலில் பலருக்குக் கேட்கவில்லை. உத்தரவு வரட்டும் என்று நின்றவர்களைக் கண் கடந்தபின் வந்த தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று. அரியாங்குப்பம் மணலில் மூன்று கப்பல்கள் ஏறியதற்கு அதுவே காரணம்.

1746 வேறு மாதிரி. சென்னையில் ஒரு கடற்படையே சிதைந்துகொண்டிருந்த அதே இரவில், சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே புதுச்சேரிக்கு வெளியே நின்ற பிரெஞ்சுக் கப்பல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடக்கநிலையில் இருப்பவர் இதைப் பார்த்தால், இரண்டில் ஒரு தகவல் தவறு என்று நினைக்கக்கூடும். இரண்டும் சரியாகவே இருக்கலாம். வங்கக் கடல் புயலின் கொடூரமான நடுப்பகுதி பல நேரங்களில் சில பத்து கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். “இங்கே ஒன்றும் நடக்கவில்லை” என்ற குறிப்பும் ஒரு தகவல்தான். புயலின் ஓரம் எங்கே என்று அது சொல்கிறது. அதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1839 முதல் அவர் வங்கக் கடலிலும் கிழக்குக் கடல்களிலும் புயலில் சிக்கிய கப்பல்களின் லாக் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, மணிக்கு மணி காற்றின் திசையை வரைபடத்தில் குறித்து, மையம் போன பாதையைக் கண்டுபிடித்தார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே 1848இல் அவர்தான் உருவாக்கினார். சுருண்ட பாம்பின் வளைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதற்கு மூலம். இன்று நாம் வீட்டில் ஒரு தாளை வைத்துக்கொண்டு செய்வதும் அவர் செய்ததே. தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், இடம், காற்றின் திசை, சொல்பவர் யார். கிடைக்கிற ஒவ்வொரு வரியையும் அதில் ஏற்றுங்கள். பத்து வரி சேர்ந்ததும் புயல் தானே நடக்கத் தொடங்கும்.

காற்றின் வேகத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. காற்றின் பலத்தை எண்ணால் தரம்பிரிக்கும் பியூஃபோர்ட் காற்றளவு 1805க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் “கடும் புயல்”, “பெருங்காற்று” என்பதெல்லாம் எழுதியவரின் மனநிலையைப் பொறுத்தது. அடைமொழியை விட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எந்தப் பாயைச் சுருட்டினார்கள், பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்களா, பீரங்கிகளை வீசினார்களா? பாய்மரத்தை யாரும் சும்மா வெட்டமாட்டார்கள்.

ஒரே இரவுக்கு எத்தனை தேதி?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சென்னைப் புயல் 1746 அக்டோபர் 13 இரவு என்று மேலே சொன்னேன். ஆங்கிலேயர் எழுதியதைப் பார்த்தால் அக்டோபர் 2 என்று இருக்கும். இரண்டு புயல் அல்ல, ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாள்காட்டியில் இருந்தார்கள். பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் வித்தியாசம் 11 நாள். அதேபோல 1749 புயல் ஆங்கிலேய ஆவணத்தில் ஏப்ரல் 13, நம் இன்றைய கணக்கில் ஏப்ரல் 24. 1761க்கு வரும்போது இரண்டு பேரும் ஒரே நாள்காட்டிக்கு வந்துவிட்டார்கள்; அந்தத் தொல்லை இல்லை.

வேறொரு தொல்லை இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல் லாக் புத்தகத்தில் நாள் நள்ளிரவில் மாறாது. நண்பகலில் மாறும், அதுவும் கரைக் கணக்குக்கு அரை நாள் முன்னால். கரையில் டிசம்பர் 31 மதியம் ஆகும்போதே கப்பலில் ஜனவரி 1 பிறந்துவிடும். எனவே “ஜனவரி 1, மாலை 8 மணி” என்று ஒரு பழைய லாக் புத்தகம் சொன்னால் அது நம்முடைய டிசம்பர் 31 இரவு 8 மணி. பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல்தான் கைவிட்டது.

மூன்றாவது, நம்முடைய கணக்கு. தமிழில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. பின்னிரவு மூன்று மணிக்கு அடித்த காற்றைத் தமிழ்க் குறிப்பு முந்தின நாள் தேதியிலேயே எழுதும். நேரம் நாழிகையில் இருந்தால் ஒரு நாழிகை 24 நிமிடம். ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1746 அட்சய வருடம், 1749 சித்திரை பிறந்தபின் சுக்கில வருடம், 1761 ஜனவரி விக்கிரம வருடத்து மார்கழி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால், 1806இலும் ஒரு அட்சய உண்டு.

சரி, எப்படிச் சமாளிப்பது? மூல ஆவணத்தில் இருக்கும் தேதியை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதுங்கள். மாற்றிய தேதியை இன்னொரு கட்டத்தில் எழுதுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து மாற்றினோமா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. வாரநாள் கிடைத்தால் அதை விடாதீர்கள். தேதி எத்தனை விதமாக இருந்தாலும் வியாழக்கிழமை எல்லோருக்கும் வியாழக்கிழமைதான். 1746 அக்டோபர் 13 ஒரு வியாழன். ஆங்கிலேயரின் அக்டோபர் 2ம் வியாழன்.

எங்கே தேடுவது

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் ஆவணங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பல் தலைவர்களின் லாக் புத்தகங்கள் ‘ஏடிஎம் 51’ என்ற தொகுதியில், வழிநடத்துநர்களின் லாக் புத்தகங்கள் ‘ஏடிஎம் 52’இல். ஒரே கப்பலுக்கு இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கப்பலை இழந்தால் பிழைத்த அதிகாரிகளைக் கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்துவது வழக்கம். அந்த வாக்குமூலங்கள் ‘ஏடிஎம் 1’இல் வரும். வாக்குமூலம் கொடுப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்பதை மறக்கக் கூடாது. காற்றின் திசையைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்குக் காரணம் குறைவு. எப்போது வடத்தை வெட்டினார் என்பதில் காரணம் அதிகம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளுக்கு, அதாவது கோட்டை நிர்வாகக் குழுவின் கூட்டப் பதிவுகளுக்கு, நமக்குப் பக்கத்திலேயே எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பலவற்றை அச்சிலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் 1746 அக்டோபருக்குச் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் ஆலோசனைக் குறிப்பைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆங்கிலேய நிர்வாகம் கடலூருக்குப் போய்விட்டது. 1749இல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது. ஒரு இடத்தில் ஆவணம் ஏன் இல்லை என்பதற்கும் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்து எங்கே போவது என்று தெரியும்.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு லொரியான் நகரத்துக் கடற்படைக் காப்பகமும், ஏக்ஸ்-ஆன்-புரொவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் காப்பகமும். பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்களின் ஆள் பட்டியல்கள் பல இணையத்திலேயே படமாகக் கிடைக்கின்றன. தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் பாதிரியார்கள் ஹாலே நகரத்துக்கு அனுப்பிய அறிக்கைகளையும் பாருங்கள். அவர்கள் கப்பலைப் பற்றி எழுத உட்காரவில்லை. கூரை பறந்தது, மரம் சாய்ந்தது, ஆறு பெருகியது என்று எழுதுவார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே. 1749 புயலுக்கும் இப்படி ஒரு நிலத்துச் சாட்சி உண்டு. தேவிக்கோட்டையை நோக்கிப் போன ஆங்கிலேயப் படை அப்போது பரங்கிப்பேட்டைப் பக்கம் இருந்தது. கூடாரங்களும் வண்டி மாடுகளும் போன கதை அந்தப் படையெடுப்பின் வரலாற்றில் வருகிறது. ‘பெம்புரோக்’ போன இடத்துக்குக் கிட்டத்தட்ட நேராகக் கரையில் நின்ற சாட்சி அது.

இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த அவர் 1736 முதல் தமிழில் எழுதினார். அந்த ஏடுகளை 1846இல் காலுவா மொம்பிரேன் புதுச்சேரியில் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதியாக 1904 முதல் 1928 வரை வந்தது. பிள்ளை வியாபாரி. கப்பல் வருவதும் போவதும் அவருக்குப் பணம். எந்தக் கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் என்ன செய்தி கொண்டுவந்தார் என்று எழுதும்போது, செய்தி தன்னிடம் எப்படி வந்தது என்பதையும் எழுதுகிறார். தான் பார்த்ததா, தபால்காரன் சொன்னதா, துரை சொன்னதா? ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல் முடிந்தால் தமிழ் மூலத்தையும் பாருங்கள். காற்றுக்கும் கடலுக்கும் அவர் போட்ட சொல் மொழிபெயர்ப்பில் ஒரே மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், கப்பல் பெயர்கள். 1761இல் மூழ்கிய ‘டுக் டாக்கித்தேன்’ பிரெஞ்சுப் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1757இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது, பெயரை மாற்றவில்லை. ஆங்கில ஏடுகளில் சில இடத்தில் ‘டியூக் ஆஃப் அக்விடேன்’ என்று மொழிபெயர்த்தும் எழுதியிருப்பார்கள். இதைத் தெரியாதவர் பட்டியல் போட்டால் பிரெஞ்சு இழப்பில் ஒன்று, பிரிட்டிஷ் இழப்பில் ஒன்று என்று இரண்டு கப்பலாக ஆக்கிவிடலாம். கப்பலைப் பெயரால் மட்டும் அடையாளம் காணாதீர்கள். பெயர், பீரங்கி எண்ணிக்கை, தலைவர், கட்டிய ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால்தான் அது அதே கப்பல்.

இடத்தை எப்படிப் பிடிப்பது

பழைய குறிப்பு “கோட்டைக்கு இரண்டு மைல் தெற்கே கரையில் ஏறியது” என்று சொன்னால் உடனே இன்றைய வரைபடத்தில் புள்ளி வைத்துவிடக் கூடாது. அந்தக் கரை இன்று அங்கே இல்லை. இந்தக் கடற்கரையோரமாக மணல் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தடைபட்டது. தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ஆகவே 1746இல் கோட்டைக்கு நேரே அலையில் உடைந்த ஒரு மரக்கப்பலின் அடிப்பகுதி இன்று தண்ணீரில் அல்ல, மணலுக்கும் சாலைக்கும் அடியில் இருக்கக்கூடும். புதுச்சேரியிலும் 1980களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டிய பிறகு கரை மாறிப்போனது. அதனால் பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கோட்டை, கோவில், பழைய கலங்கரை விளக்கம் என்று நகராத பொருள்களிலிருந்து அளந்துதான் இடத்தைக் குறிக்க வேண்டும்.

கடலுக்குள் இருப்பதைப் பற்றி மீனவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் கிடையாது. வலை எந்த இடத்தில் சிக்கிக் கிழிகிறது, மணல் தரையில் திடீரென்று எங்கே மீன் கூடுகிறது, அங்கே எத்தனை பாகம் (ஆழ அளவு) தண்ணீர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை அறிவு. கரையில் இருக்கும் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்து இடம் பிடித்தவர்களின் பேரன்கள் இன்று அதே இடத்தை ஜிபிஎஸ்ஸில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது பொறுமை வேண்டும், மரியாதை வேண்டும். மீன் கிடைக்கும் இடத்தை அவர்கள் சொல்வது தங்கள் சோற்றைப் பங்கிடுவது மாதிரி. அதை ஊருக்கெல்லாம் அறிவிப்பது துரோகம்.

கிடைத்தது எந்தக் கப்பல் என்று பொருள்கள் சொல்லும், ஆனால் அரைகுறையாக. பூம்புகாருக்கு வெளியே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனம் ஆராய்ந்த ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் வார்க்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் இங்கிலாந்தில் ஈயம் உருக்கிய குடும்பம். இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தக் கப்பல் 1792க்கு முன் மூழ்கியிருக்க முடியாது. 1792இல் மூழ்கியது என்று சொல்ல முடியாது. ஈயம் எத்தனை ஆண்டு கிடங்கில் கிடந்து கப்பலேறியதோ! பொருளில் இருக்கும் ஆண்டு கீழ் எல்லையைத் தரும். மேல் எல்லைக்குத் திரும்பவும் காகிதத்துக்கு, அதாவது 1792க்குப் பிந்தைய புயல்களுக்கே போக வேண்டும்.

ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். நூறாண்டு கடந்த பொருள் சட்டப்படி தொல்பொருள் என்பது ஒரு பக்கம். அது கிடந்த இடமும் கிடந்த விதமும் அந்தப் பொருளைவிட அதிகம் சொல்லும் என்பது இன்னொரு பக்கம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

இறந்தவர்களின் கணக்கு

கடைசியாக எண்ணிக்கை. 1761 புயலைப் பற்றி ஓர்ம் எழுதியதில் ஒரு வரி என்னை விடுவதேயில்லை. மூழ்கிய மூன்று கப்பல்களிலும் 1,100 ஐரோப்பியர்கள் இறந்தார்கள் என்கிறார். உடைந்த மரத்தைப் பிடித்து மிதந்த ஏழு ஐரோப்பியரும் ஏழு லஸ்கர்களும் மறுநாள் மீட்கப்பட்டார்கள் என்கிறார். லஸ்கர் என்றால் ஐரோப்பியக் கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமி. பிழைத்தவர்களில் சரிபாதி லஸ்கர்கள். அப்படியானால் இறந்தவர்களில் எத்தனை லஸ்கர்கள்? அந்த எண் அவருடைய வாக்கியத்தில் இல்லை. 1,100 என்பது ஐரோப்பியர் கணக்கு மட்டும். இதை அப்படியே எடுத்து “1,100 பேர் இறந்தனர்” என்று எழுதுகிறவர்கள், அறியாமலேயே அந்த மனிதர்களை இரண்டாம் முறை மூழ்கடிக்கிறார்கள்.

எனவே ஒரு எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யாரை எண்ணினார்கள்? எதை வைத்து எண்ணினார்கள்? யார் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டார்கள்? பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆள் பட்டியல் ‘ஏடிஎம் 36’ தொகுதியில் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கு நேரே இரண்டு ‘டி’ எழுத்து போட்டிருந்தால் இறந்து கணக்கு முடிந்தவர் என்று பொருள். ஒரே தேதியில் பக்கம் பக்கமாக அந்த இரண்டு எழுத்து வரும்போது கை நின்றுவிடும். அங்கே பெயராவது இருக்கிறது. அதே இரவில் தோணியோடு போனவர்களுக்கும், கரைக்கும் கப்பலுக்கும் இடையில் மசூலாப் படகில் துடுப்புப் போட்டவர்களுக்கும் பட்டியலே போடப்படவில்லை.

அவர்களைத் தேட வேறு காகிதம் பார்க்க வேண்டும். போர் வரலாற்றில் அவர்கள் வரமாட்டார்கள். செலவுக் கணக்கில் வருவார்கள். புயலுக்கு அடுத்த வாரங்களில் படகுக்குக் கொடுத்த கூலி, மீட்ட நங்கூரத்துக்குக் கொடுத்த பணம், பிணம் புதைத்த செலவு, படகை இழந்தவர் கொடுத்த மனு. கோட்டை ஆலோசனைக் குறிப்புகளை எடுத்தால் புயல் நடந்த நாளின் பக்கத்தோடு மூடிவிடாமல், அதற்கடுத்த மூன்று மாதத்தையும் வரி வரியாகப் படியுங்கள்.